ஜாஸ் வாரிசுகள்: அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு எது போய்ச் சேருகிறது?

ஜாஸ் உலகத்துக்கு 2026 இரட்டை நூற்றாண்டு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பிறந்தது 1926 மே 26இல். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பிறந்தது அதே ஆண்டு செப்டம்பர் 23இல். இதையொட்டி வரும் செய்திகளில் வாரிசுகளின் பெயர்களும் அடிபடுகின்றன. டேவிஸின் அக்கா மகன் வின்ஸ் வில்பர்ன் ஜூனியர் ஒருவர். மாமாவின் குழுவிலேயே டிரம்ஸ் வாசித்தவர். இன்னொருவர் கோல்ட்ரேனின் மகன் ரவி. வட கரோலினாவில் பிறந்த ஒரு கறுப்பினக் கலைஞரின் மகனுக்கு ரவி என்ற பெயர் எப்படி வந்தது என்று தமிழ் வாசகர் யோசிக்கக்கூடும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அதைவிடப் பெரிய குழப்பம் வேறு. இந்தப் பிள்ளைகள் அப்பாவிடம் கற்றவர்களா? அப்பா வாசித்ததையே வாசிக்கிறார்களா? பழைய பதிவுகள் விற்றால் பணம் இவர்களுக்கா போகிறது? மூன்றுக்கும் பொதுவாக ‘ஆம்’ என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பல குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட முழுதாக ‘ஆம்’ சொல்ல முடியாது.

ஜாஸ் கச்சேரியில் என்ன நடக்கிறது

முதலில் மெட்டு வரும். பெரும்பாலும் அது எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டாக இருக்கும், அல்லது குழுவில் ஒருவர் அமைத்ததாக இருக்கும். மெட்டுக்கு அடியில், கிட்டார் கற்றவர்கள் ‘கார்ட்ஸ்’ என்று சொல்லும் ஸ்வரக் கூட்டுகளின் வரிசை ஒன்று ஓடும். மெட்டு முடிந்ததும் அந்த வரிசையை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன்மேல் ஒவ்வொருவரும் தம் கற்பனையில் வாசிப்பார்கள். இதுதான் சோலோ. நம் மனோதர்மத்துக்குப் பக்கத்தில் வரும் விஷயம். எல்லோரும் முடித்த பிறகு மெட்டு திரும்ப வரும்.

ரசிகர் காத்திருப்பது அந்த நடுப்பகுதிக்காக. அங்கே எழுதாத விதி ஒன்று உண்டு: கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வாசிப்பவர் யாரென்று தெரிய வேண்டும். குடும்பப் பாணியைப் பிசகாமல் காப்பதே பெருமை என்று நினைக்கும் மரபுகள் உலகில் பல உண்டு. ஜாஸ் அந்த வகை இல்லை. அப்பாவைப் போலவே வாசிக்கும் பிள்ளைக்கு இங்கே பாதி மதிப்பெண்தான். சினிமா வாரிசுக்கு முதல் படம் சுலபமாகக் கிடைப்பதுபோல் இங்கேயும் முதல் மேடை கிடைத்துவிடும். ஆனால் அந்த முதல் மேடையிலேயே அப்பாவின் ஐம்பது வருடப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுவிடுவார்கள்.

அப்படியானால் ஒரு ஜாஸ் கலைஞர் விட்டுச்செல்ல என்ன இருக்கிறது? மூன்று.

1. தொழில்: கருவியைப் பிடிப்பது, நோட்டுப் பார்த்து வாசிப்பது, ஊர்வலத்தில் நடந்துகொண்டே மூச்சு விடாமல் ஊதுவது, எந்தச் சாவுக்கு எந்தப் பாட்டு என்று அறிந்திருப்பது. இது பழக்கத்தால் மட்டுமே கைமாறும்.

2. பெயர்: பிறந்தவுடன் கிடைத்துவிடும். வேண்டாமென்றாலும் போகாது.

3. சொத்து: அமைத்த மெட்டுகளின் பதிப்புரிமை, கையெழுத்து நோட்டுகள், வீட்டில் கிடக்கும் ஒலிநாடாக்கள். இதைச் சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிக்கின்றன.

இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்வது அபூர்வம்.

நியூ ஆர்லியன்ஸ்: பரம்பரைத் தொழிலாக இசை

ஜாஸ் உருவான நியூ ஆர்லியன்ஸில் இசை முதலில் ஒரு கைத்தொழில். சுருட்டுச் சுற்றுவது, சுவர் பூசுவது போல வாசிப்பதும் குடும்பத்துக்குள் கற்றுக்கொடுக்கப்பட்டது. சில வீடுகளில் இரண்டு தொழிலும் சேர்ந்தே நடந்தன. கிளாரினெட்டுக்குப் பேர்போன டியோ குடும்பம் அப்படிப்பட்டது. லொரென்ஸோ டியோ சீனியர், அவர் அண்ணன் லூயி, மகன் லொரென்ஸோ ஜூனியர் என்று எல்லோரும் ஐரோப்பிய முறையில் ஒழுங்காகப் பாடம் கற்றவர்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனவர்கள் ரத்த உறவுகள் இல்லை, ஜூனியரிடம் வந்து கற்ற மாணவர்கள்: சிட்னி பெஷே, ஜிம்மி நூன், ஆல்பர்ட் நிக்கலஸ், பார்னி பிகார்ட். பிகார்ட் பிறகு, பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்தார். அவர் மூலமாக டியோவின் மெட்டுத் துணுக்கு ஒன்று எலிங்டனின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்குள்ளும் புகுந்தது.

பார்பரின் குடும்பத்தின் கதை இன்னும் நீளம். இசிடோர் பார்பரின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆன்வர்ட் பிராஸ் பேண்டில் (பித்தளை ஊதுகருவிகளும் டிரம்ஸும் சேர்ந்த ஊர்வலக் குழு) வாசித்தவர். சிகாகோ போய்ச் சேர்ந்த இளம் லூயி ஆம்ஸ்ட்ராங் 1922இல் ஊர் விசேஷம் விசாரித்து அவருக்குக் கடிதம் எழுதினார். இசிடோருக்கு நியூ ஆர்லியன்ஸ்காரர்களிடம் அத்தனை மரியாதை. மகன்கள் பால், லூயி இருவரும் டிரம்ஸ். பால் 1969இல் ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இறந்தார். இசிடோரின் மகள்வழிப் பேரன் டேனி பார்க்கர் பாஞ்சோவும் கிட்டாரும் வாசித்தார். நியூயார்க்கில் கேப் காலவேயின் குழுவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1965இல் ஊர் திரும்பினார்.

திரும்பிவந்த பார்க்கர் பார்த்தது, தேய்ந்துகொண்டிருந்த ஒரு தொழிலை. பிராஸ் பேண்டுகளில் கிழவர்கள்தான் மிச்சம். அவர் தம் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடித்திருக்கலாம். அதைச் செய்யாமல், 1970 வாக்கில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அக்கம்பக்கத்துச் சிறுவர்களைச் சேர்த்து ஒரு பேண்டு தொடங்கினார். அதில் பார்பரின் வம்சத்து லூசியனும் இருந்தார். லீராய் ஜோன்ஸும் இருந்தார். விண்டன் மார்சாலிஸ், பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் என்ற இரண்டு அண்ணன் தம்பிகளும் சின்ன வயதில் அங்கே வாசித்தார்கள். சிறுவர்களை வைத்துப் பிழைக்கிறார் என்று இசைக்கலைஞர் சங்கத்திலிருந்து புகார் கிளம்பியது, பார்க்கர் விலகிக்கொண்டார். பிள்ளைகள் தாங்களாகவே தொடர்ந்தார்கள். 1977இல் உருவான டர்ட்டி டஜன் பிராஸ் பேண்டுக்கு வேர் அங்கேதான். இன்று அந்த ஊரின் தெருக்களில் கேட்கும் பிராஸ் இசைக்கு டர்ட்டி டஜன் எவ்வளவு காரணமோ, பேரன் பார்க்கரின் அந்த முடிவும் அவ்வளவு காரணம்.

‘குடும்ப மரபு’ என்று நியூ ஆர்லியன்ஸில் சொல்லும்போது குடும்பம் என்பது வீட்டு வாசலோடு முடிவதில்லை. வம்சத்தின் வேலை வாசலைத் திறந்துவைப்பது. உள்ளே வருபவர் யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.

மார்சாலிஸ்: வம்சமா, வகுப்பறையா?

அமெரிக்காவின் ‘ஜாஸ் முதல் குடும்பம்’ என்று அழைக்கப்படும் மார்சாலிஸ் குடும்பத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இது பல தலைமுறை வம்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எல்லிஸ் மார்சாலிஸ் சீனியர் இசைக்கலைஞரே இல்லை. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் கறுப்பினப் பயணிகள் தங்குவதற்கு விடுதி நடத்தியவர். மகன் எல்லிஸ் ஜூனியர் (1934–2020) பியானோவுக்கு வந்தார். பிள்ளைகளுக்குத் தாய்வழியில் எலிங்டன் குழுவின் பேஸ் கலைஞர் வெல்மன் பிரோட் உறவு என்பார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயிற்சி அப்பாவிடமிருந்தும் பள்ளியிலிருந்தும் வந்தது.

எல்லிஸ் ஜூனியருக்கு ஆறு மகன்கள். பிரான்ஃபர்ட் சாக்ஸபோன், விண்டன் டிரம்பெட், டெல்ஃபியோ டிராம்போன், கடைக்குட்டி ஜேசன் டிரம்ஸும் வைப்ரஃபோனும். மற்ற இருவர் இசைக்கு வரவில்லை; ஒருவர் புகைப்படமும் கவிதையுமாக வேறு வழியில் போனார். ஒரே வீடு, ஒரே அப்பா, ஆறில் நான்கு. ரத்தத்திலேயே ஊறியது என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நியூ ஆர்லியன்ஸ் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் என்ற அரசுப் பள்ளியில் எல்லிஸ் 1974 முதல் ஜாஸ் கற்பித்தார். கிளப்பில் வாசித்து ஆறு பிள்ளைகளை வளர்க்க முடியாது. வாத்தியார் சம்பளம்தான் குடும்பத்தைத் தாங்கியது. அங்கே அவரிடம் டெரன்ஸ் பிளான்சார்ட், டொனால்ட் ஹாரிசன், ஹாரி கானிக் ஜூனியர், நிக்கலஸ் பேட்டன் எல்லாம் படித்தார்கள். 1980இல் விண்டன் நியூயார்க்கில் டிரம்ஸ் மேதை ஆர்ட் பிளேக்கியின் குழுவில் சேர்ந்தார், பின்னாலேயே பிரான்ஃபர்ட்டும். 1982இல் இருவரும் விலகியபோது அந்த இரண்டு நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தவர்கள் பிளான்சார்டும் ஹாரிசனும். மகன்கள் எழுந்த இடத்தில் மாணவர்கள் அமர்ந்தார்கள். பிளேக்கிக்கு வித்தியாசமாகப் பட்டிருக்க வாய்ப்பில்லை. எல்லோரும் ஒரே வாத்தியாரின் தயாரிப்பு.

2011இல் அமெரிக்க அரசின் கலைத்துறை நிதியம் தரும் ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது முதல்முறையாக ஒரு குடும்பத்துக்கே, எல்லிஸுக்கும் நான்கு மகன்களுக்கும் சேர்த்து, வழங்கப்பட்டது. என் கணக்கில் அதைவிடப் பெரிய மரியாதை, கத்ரீனா புயலுக்குப் பிறகு எழுந்த ‘இசைக்கலைஞர் கிராமத்தில்’ அதே ஆண்டு திறக்கப்பட்ட எல்லிஸ் மார்சாலிஸ் இசை மையம். அங்கே கற்க யாருடைய பிள்ளை என்று கேட்பதில்லை.

எலிங்டன்: நோட்டு இருக்கிறது, ஆள் இல்லை

டியூக் எலிங்டன் 1974 மே 24 அன்று இறந்தார். மகன் மெர்சர், அப்பாவின் குழுவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டே பயண ஏற்பாடுகளையும் கவனித்தவர். குழுவை அவர் ஏற்று 1996இல் தாம் இறக்கும்வரை நடத்தினார். நிறுவனர் இறந்த பிறகும் அவர் பெயரில் ஓடும் இசைக்குழுவை அமெரிக்காவில் ‘பேய்க் குழு’ என்கிறார்கள். கௌண்ட் பேஸி குழு, கிளென் மில்லர் குழு எல்லாம் இந்த வகைதான்.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. எலிங்டன் பொதுவான ஒரு ‘சாக்ஸபோனுக்கு’ எழுதவில்லை. இன்ன ஆளின் சாக்ஸபோனுக்கு எழுதினார். 1927 முதல் அவருடன் இருந்த ஹாரி கார்னி 1974 அக்டோபரில் இறந்தார். பால் கொன்சால்வெஸ் எலிங்டனுக்குச் சில நாள் முன்பே போய்விட்டார். மெர்சருக்குக் கிடைத்தது நோட்டுகள். அவற்றை ஒலிக்கவைத்த மனிதர்கள் கிடைக்கவில்லை. அப்படியும் அவர் தலைமையில் வந்த ஒரு தொகுப்பு கிராமி வாங்கியது. மலைபோல் குவிந்த எழுத்துப் பிரதிகளையும் ஆவணங்களையும் அவர் 1988இல் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியக நிறுவனத்திடம் சேர்ப்பித்தார். ஆராய்ச்சியாளர்கள் இன்று எலிங்டனின் கையெழுத்தைப் பார்க்க முடிவதற்குக் காரணம் அதுதான். வாரிசு என்ற முறையில் மெர்சர் செய்ததில் இதையே முதலில் வைப்பேன்.

மெர்சர் மெட்டமைப்பாளரானதே ஒரு பதிப்புரிமைச் சண்டையின் விளைவு. 1941இல் அஸ்காப் என்ற பாடலாசிரியர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு. சங்க உறுப்பினர்களின் பாட்டு எதுவும் பல மாதங்கள் ஒலிபரப்பாகவில்லை. எலிங்டன் உறுப்பினர், அவருடைய சொந்தப் பாட்டுகளே வானொலியில் போக முடியாது. மகன் மெர்சரும் சகா பில்லி ஸ்ட்ரேஹார்னும் உறுப்பினர்கள் இல்லை. ஆகவே குழுவுக்குப் புதுப் பாட்டுகளை அந்த இருவரும் அவசரமாக எழுதிக் குவித்தார்கள். ஸ்ட்ரேஹார்னின் ‘டேக் தி ஏ டிரெய்ன்’ குழுவின் அடையாளப் பாட்டானது அப்போதுதான். 21 வயதில் மெர்சருக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, அப்பாவின் கை கட்டப்பட்டிருந்ததால் கிடைத்தது.

பணம் யாருக்குப் போகிறது

அமெரிக்கச் சட்டப்படி, சுருக்கமாக:

1. மெட்டும் பதிவும் தனித்தனிச் சொத்துகள். மெட்டு, அமைத்தவருக்கும் பதிப்பாளருக்கும் (மெட்டின் உரிமையை எழுதி வாங்கி வசூலைக் கவனிக்கும் நிறுவனம்). பதிவு, பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துக்கு.

2. சோலோ வாசித்தவருக்கு மெட்டின் ராயல்டியில் பங்கு கிடையாது. ஜான் கோல்ட்ரேன் 1960இல் பதிவுசெய்து பெரும்புகழ் பெற்ற ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ ரோஜர்ஸ்–ஹாமர்ஸ்டைன் இசைநாடகப் பாட்டு. அவர் அதில் எத்தனை நிமிடம் புதிதாக வாசித்திருந்தாலும் பாட்டுக்கான ராயல்டி அவர்கள் பக்கம்தான்.

3. கார்ட்ஸ் வரிசைக்கு மட்டும் நடைமுறையில் யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. அதனால் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் (மேலே பார்த்த டேனி பார்க்கர் வேறு) தலைமுறைக் கலைஞர்கள் பழைய பாட்டின் வரிசையை வைத்துக்கொண்டு மேலே புது மெட்டுப் போட்டார்கள். கலை ஆர்வம் ஒரு பக்கம், ராயல்டி இன்னொரு பக்கம்.

4. 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்கு, உரிமை முறைப்படி புதுப்பிக்கப்பட்டிருந்தால், 95 ஆண்டு காப்பு. 56 ஆண்டு ஆனதும், முன்பு பதிப்பாளருக்கு எழுதிக்கொடுத்த உரிமையை மனைவியும் பிள்ளைகளும் திரும்பக் கேட்கலாம். இது அமெரிக்க வருமானத்துக்கு மட்டும்.

5. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கு வாசித்த கலைஞருக்குப் பணமே கிடையாது, மெட்டமைத்தவருக்கு மட்டும்.

ஆகவே மகா கலைஞர் என்பதால் மகா சொத்து என்று எண்ண வேண்டாம். சொந்த மெட்டு ஏராளமாக எழுதியவரின் பிள்ளைக்கு வருமானம் உண்டு. பிறர் பாட்டை அற்புதமாக வாசித்தவரின் பிள்ளைக்குப் பெயர் மட்டும்.

எழுதியவருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. எலிங்டன் 1961இல் போட்ட ஒப்பந்தப்படி, வெளிநாட்டு வருமானத்தில் பதிப்பாளருக்கு வந்துசேரும் தொகையில் பாதி அவர் பக்கம் வரவேண்டும். அப்போது வெளிநாட்டில் வசூலித்தவை வேறு நிறுவனங்கள். தம் பங்காகப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பின. பிறகு பதிப்பாளர் இடத்துக்கு வந்த இஎம்ஐ என்ற இசை நிறுவனம், தன் சொந்தக் கிளைகளையே அந்த இடத்தில் வைத்தது. 100 டாலர் வசூலானால் கிளை 50 எடுக்கும். மீதி 50இல் பாதி, அதாவது 25 டாலர், குடும்பத்துக்கு. ஒரே குழுமம் இரண்டு முறை பங்கெடுக்கிறது என்று பேரன் பால் எலிங்டன் வழக்குப் போட்டார். நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் ‘துணை நிறுவனம்’ என்பது கையெழுத்தான நாளில் இருந்தவற்றை மட்டுமே குறிக்கும், பிறகு வந்த கிளைகள் அதில் சேராது என்றது. தாத்தா கையெழுத்துப்போட்ட ஒரு வரி, 53 ஆண்டு கழித்துப் பேரனின் பங்கைத் தீர்மானித்தது.

கோல்ட்ரேன்: அப்பாவைக் கேட்டே அறிந்த மகன்

இப்போது ரவிக்கு வருவோம். அவர் பிறந்தது 1965 ஆகஸ்டில். சித்தார் கலைஞர் ரவிசங்கர் மீது ஜானுக்கு இருந்த மதிப்பில் வைத்த பெயர். 1967 ஜூலை 17 அன்று ஜான் தம் 40ஆவது வயதில் ஈரல் புற்றுநோயால் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை. அப்பாவிடம் ஒரு பாடம்கூடக் கற்கவில்லை. நம்மைப் போலவே இசைத்தட்டில் கேட்டுத்தான் அவரை அறிந்தார்.

அவருக்கு வீட்டில் கிடைத்த இசை அம்மாவுடையது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஆள் அவர்தான். டெட்ராய்ட்டில் பிறந்த ஆலிஸ், தேவாலய ஆர்கனில் தொடங்கி ஜாஸ் பியானோவுக்கு வந்தவர். அவரை இந்த இசைக்கு இழுத்தவர்களில் ஒருவர், பேஸ் வாசித்த அண்ணன் எர்னி ஃபாரோ. 1966இல் கணவரின் குழுவிலேயே பியானோ வாசித்தார். கணவர் இறந்த பிறகு ஹார்ப்பும் சேர்த்துத் தமக்கென ஓர் இசையை உண்டாக்கினார். அந்தத் துக்க காலத்தில் அவர் நாடிய குரு சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர், 1969இல் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். ஆலிஸ் 1971இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. பிறகு ஆலிஸ் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து, பஜனைப் பாட்டுகளுக்கு ஆர்கன் வாசித்து, பொது மேடையை ஏறக்குறைய விட்டுவிட்டார். ரவி வளர்ந்தது இந்தச் சூழலில்.

ரவி பள்ளியில் கிளாரினெட் வாசித்தார். 1982இல் அண்ணன் ஜான் ஜூனியர் கார் விபத்தில் இறந்த பின் சில காலம் இசையையே விட்டிருந்தார். 1986இல்தான் முறையாக இசைக் கல்லூரியில் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டவர், அப்பாவின் டிரம்ஸ் கலைஞராக இருந்த எல்வின் ஜோன்ஸ். சொந்தப் பெயரில் முதல் தொகுப்பு வந்தபோது ரவிக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கோல்ட்ரேன் என்ற பெயரோடு டெனார் சாக்ஸபோன் வாசிப்பவருக்கு அவசரப்படாமல் இருப்பதே பெரிய புத்திசாலித்தனம்.

இதே நிலையில் இன்னொருவர் ஜோஷுவா ரெட்மன். அப்பா டூயி ரெட்மன் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர்; பிள்ளை வளர்ந்தது அம்மாவிடம். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த சமயத்தில், 1991இல், பியானோ மேதை தெலோனியஸ் மங்க் பெயரில் நடந்த போட்டியில் வென்று இசைக்கே வந்துவிட்டார். போட்டி நடத்திய அந்த நிறுவனம் 2019 முதல் இன்னொரு பியானோ கலைஞரான ஹெர்பி ஹான்காக் பெயரில் இயங்குகிறது. பெயரும் எப்போதும் குடும்பத்தோடு ஒட்டியிருப்பதில்லை.

ரவி அதிகம் உழைத்திருக்கும் இன்னொரு களம் ஒலிநாடாக்கள். 2004இல் அம்மாவைத் திரும்ப ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துவந்து அவருடைய கடைசித் தொகுப்பைத் தயாரித்தார். ஆலிஸ் 2007இல் இறந்தார். 2018இல், அப்பா 1963 மார்ச் 6 அன்று பதிவுசெய்து தொலைந்துபோயிருந்த இசை வெளியானது. நிறுவனத்தின் மூல நாடா போயேவிட்டது. ஜான் வீட்டில் கேட்பதற்காக எடுத்துப்போன பிரதி, முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் இருந்தது. நாடா ஒரு குடும்பத்திடம், வெளியிடும் உரிமை நிறுவனத்திடம், மெட்டுகளின் உரிமை இன்னொரு பக்கம். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு தட்டு வெளிவரும். நூற்றாண்டை ஒட்டி ‘புதிதாகக் கண்டெடுக்கப்பட்டது’ என்று எந்தக் கலைஞரின் பதிவு வந்தாலும் அதன் பின்னால் இப்படியொரு பேச்சுவார்த்தை இருந்திருக்கும்.

அடுத்த தலைமுறையில் சாக்ஸபோனே இல்லை. ஆலிஸின் தங்கை மெர்லின் மெக்லியோட் பாடலாசிரியர். அவருடைய பேரன் ‘ஃபிளையிங் லோட்டஸ்’ என்ற பெயரில் கணினியில் மின்னணு இசை அமைக்கிறார். ஜாஸ் கலைஞர்களை அழைத்து அதற்குள் வாசிக்கவைக்கிறார்.

சட்டத்தின் கடிகாரம் வேறு வேகத்தில் ஓடுகிறது. 2018இல் அமெரிக்கா இயற்றிய சட்டப்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதிவரை வெளியான பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15வரை காப்பு உண்டு. ஜான் கோல்ட்ரேன் உயிரோடு இருக்கும்போது வெளியான தட்டுகளில் முக்கியமானவை எல்லாம் இதற்குள் வந்துவிடும். அவற்றின் சொந்தக்காரர்கள் நிறுவனங்கள். 1965இல் வெளியான அவருடைய மெட்டுகளுக்குக் காப்பு 2060 முடியும்வரை. அந்த ஆண்டு ரவிக்கு 95 வயது நிறையும். கடைசிக் காலத்தில் கணக்குப் பார்க்கப்போவது பெரும்பாலும் பேரன் பேத்திகள்தான்.